மூன்றாம் பாகத்தையும் திரையிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 11 நெருங்கும்போது பாத்ரிசியோ குஸ்மானின் ‘சிலியின் போர்’ ஆவணப்படத்தை நினைவுகூர்பவர்கள், 1973-இல் அதே நாளில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது சிலி அதிபரின் லா மொனேடா மாளிகை மீது குண்டு விழும் காட்சியோடு பேச்சை முடித்துக்கொள்வது எனக்கு நெடுநாள் குறையாகவே இருந்துவருகிறது.

1975, 1976 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதலிரு பாகங்களும் அசாதாரணமானவை. 1973 ஜூன் 29 அன்று நடந்த ராணுவக் கலகத்தின்போது, அர்ஜென்டீன ஒளிப்பதிவாளர் லியோனார்டோ ஹென்ரிக்சன் தன்னைக் குறிவைக்கும் சிப்பாயின் மீதே கேமராவை நிறுத்தியிருக்க, குண்டு பாய்ந்ததும் காட்சி தடுமாறிச் சரிகிறது. ஆயினும் இவற்றை மட்டும் பார்ப்பவரின் மனத்தில், அதிபர் அலெண்டே என்ற சோசலிசத் தலைவரைத் தளபதிகள் வீழ்த்திய கதையே தங்கும். அரசர்களின் வரிசையை வரலாறு என்று படித்த பழக்கம் நம்மை அத்தனை எளிதில் விடுவதில்லை.

1979-இல் வெளிவந்த மூன்றாம் பாகமான ‘மக்கள் அதிகாரம்’ வேறு கதை சொல்கிறது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் அலெண்டே அரசை எதிர்த்து வண்டிகளை நிறுத்தி நாட்டை முடக்க முயன்றபோது, தொழிலாளர்கள் கிடைத்த வாகனத்தில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒரே வட்டாரத்து ஆலைகள் கூட்டமைப்புகளாக இணைந்தன. குடியிருப்புகளில் உணவுப் பொருள் விநியோகத்தை மக்களே கையில் எடுத்தார்கள். தாங்கள் வாக்களித்த அரசின் தயக்கத்தைத் தொழிலாளர்கள் முகத்துக்கு நேரே கேள்வி கேட்பதையும் படம் மறைக்கவில்லை.

இதைப் பிரச்சாரப் படம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. குஸ்மான் சோசலிசத்தின் பக்கம் நிற்பவர்தான். அதை அவர் ஒளிக்கவுமில்லை. ஆனால் 1973 மார்ச் தேர்தலின்போது அலெண்டேயை வெறுத்த நடுத்தர வர்க்கத்தினரின் வீட்டுக்கும் அவரது ஒலிவாங்கி சென்றது. தவிரவும், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ஸ்வீடன் தூதரகத்தின் உதவியோடு நாட்டைவிட்டு வெளியேறி, கியூபாவில் படத்தொகுப்பு செய்யப்பட்ட சுருள்கள் இவை. இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஹோர்கே முல்லர் 1974-இல், ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பினோசேயின் ரகசியப் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவே இல்லை.

மூன்றாம் பாகம் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. திரைப்படச் சங்கங்கள் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் அதைத் தனியாகவே திரையிடலாம். தங்கள் நாளிதழும் இவ்வாண்டு நினைவுக் கட்டுரை வெளியிடுவதாயின் அதில் மூன்றாம் பாகத்துக்கென நான்கு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை