வைரம் வேண்டாத மரம்

அன்புள்ள முத்து,

உன் கடிதமும் கயலின் படமும் வந்து சேர்ந்தன. மாவட்ட அணிச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தாலும் நிற்கிற தோரணை அசல் ஓப்பனர்தான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியல் நடிகைகளின் நகைகள் வரை குறை சொல்கிறார். கடையில் கோடை முகாம் கூட்டம். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

கயலுக்குக் கிரிக்கெட் பேட் வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். "12 கிரெயின் என்று காட்டுகிறார்கள், கையில் எடுத்தால் தக்கையாக இருக்கிறது, இதற்கா இந்த விலை?" என்று கேட்டிருக்கிறாய். கிரெயின் என்பது மரத்தில் ஓடுகிற வரிதான். மரப்பட்டறையில் வளர்ந்தவன் வேறெப்படிக் கேட்பான்! உங்கள் அப்பா பர்மா தேக்கை அறுக்கும்போது வெளிப்புற வெள்ளை மரத்தைக் கழித்துவிட்டு நடுவில் முற்றிய வைரத்தை மட்டும் எடுப்பாரே, நினைவிருக்கிறதா? நெருக்கமான வரி, நல்ல கனம், அதுதான் மரம் என்பார். பேட்டுக்கு அந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ்.

இங்கிலீஷ் வில்லோ என்கிறோமே, அது பெரும்பாலும் எஸ்ஸெக்ஸ், சஃபோக் பக்கம் ஓடைக்கரைகளில் வளர்க்கிற மரம். தேக்கு மாதிரி தலைமுறைக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து, இருபது வருஷத்தில் வெட்டிவிடுவார்கள். கணு விழக்கூடாது என்று சின்ன வயதிலேயே அடிமரத்தில் துளிர்க்கிற மொட்டுகளை எல்லாம் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பேட்டின் முகத்தில் நெடுக ஓடுகிற ஒவ்வொரு வரியும் ஒரு வருஷ வளர்ச்சி. பேட்டின் அகலம் அதிகபட்சம் 108 மில்லிமீட்டர். அதற்குள் 8 வரிதான் என்றால் அந்த மரம் வருஷத்துக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் ஆரத்தில் பருத்திருக்கிறது. தேக்கில் இப்படி ஒன்றைப் பார்த்தால் உங்கள் அப்பா பட்டறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

இதில் வேண்டப்படுவது வெள்ளைதான். சில பேட்டுகளில் ஓர் ஓரமாகச் செம்பழுப்புப் பட்டை ஓடும். அது வைரம். அதனால் பேட் கெட்டுவிடாது, நன்றாகவே ஆடும். ஆனால் அந்தப் பக்கம் மரம் கொஞ்சம் அடர்த்தி, பார்வைக்கும் இரண்டு நிறம், அதனால் தரம் ஒரு படி இறங்கி விலையும் குறையும். என்னைக் கேட்டால் கயலுக்கு அப்படி ஒன்றைத்தான் தேடுவேன். நிறத்துக்கு எதற்குப் பணம்?

மெத்தென்ற மரம் தோல் பந்தை எப்படித் தாங்கும் என்று கேட்பாய். அதற்குத்தான் பிரஸ்ஸிங். வெட்டிய துண்டங்களின் முனையில் மெழுகு பூசி, வெடிக்காமல் பதமாகக் காயவைத்து, பிறகு முகத்தை ரோலரில் கொடுத்து அழுத்துவார்கள். மேல்தோல் இறுகிவிடும், அடியில் இருக்கிற மரம் பஞ்சு போலவே இருக்கும். பந்து பட்டதும் துள்ளிப் போவது இந்த இரண்டும் சேர்ந்துதான். அழுத்தம் கூடிப்போனால் பேட் செத்த கட்டை. குறைந்துபோனால் நாலு பந்தில் குழி விழும். பேட்டின் உயிர் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற கிரெயினை வைத்தே வியாபாரம் நடக்கிறது, என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. வரி அதிகம் என்றால் மரம் மெதுவாக வளர்ந்தது. அப்படிப்பட்ட பேட் சீக்கிரம் பழகிவிடும், முதல் வாரத்திலேயே பந்து பறக்கும், ஆனால் ஆயுசு குறைவாக இருப்பதே வழக்கம். ஆறு, ஏழு வரி உள்ளது பழக நாளாகும், பிறகு நின்று உழைக்கும். வரிகள் கோணாமல் நேராகக் கீழ்வரை இறங்குகிறதா என்று பார், அது முக்கியம். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே வரிகள் முகத்திலிருந்து முதுகை நோக்கிப் போவது தெரியும். ஒரு பொடிக் கணுவோ பழுப்புக் கறையோ முதுகுப் பக்கம் இருந்தால் கவலைப்படாதே, விலை பேசு.

அடுத்தது கனம். கிரிக்கெட் விதிகளை வகுக்கிற எம்.சி.சி. 2017-இல் விளிம்பு 40 மில்லிமீட்டர், தடிமன் 67 மில்லிமீட்டர் என்று வரம்பு போட்டது. எடைக்கு மட்டும் விதியே கிடையாது. யாரால் எவ்வளவு தூக்கிச் சுற்ற முடியுமோ அவ்வளவு. சச்சின் 3 பவுண்டுக்கு மேற்பட்டதை வைத்து ஆடினார். பிராட்மன் வைத்திருந்தது இரண்டேகால் பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். ரன்னுக்கு இரண்டு பேருமே பஞ்சம் வைக்கவில்லை.

இன்றைக்கு எல்லாப் பையன்களும் கேட்பது தடித்த விளிம்பும் வேண்டும், எடை 1,180 கிராமும் தாண்டக்கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமானால் மரமே லேசாக இருக்க வேண்டும். அந்த மாதிரித் துண்டம் அபூர்வம், விலை அங்கேதான் எகிறுகிறது. மரம் லேசாக லேசாக வெடிப்பும் சீக்கிரம் வரும். டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு ஸ்பான்சர் அடுத்த பேட்டை அனுப்பிவிடுவார். உனக்கும் எனக்கும் யார் அனுப்புவது?

தராசு சொல்வதையும் அப்படியே நம்பாதே. ஒரே எடையுள்ள இரண்டு பேட்டை எடுத்தால் ஒன்று கையோடு வரும், இன்னொன்று கீழே இழுக்கும். திரட்சி அடியில் இருந்தால் தலை கனக்கும், நடுவில் இருந்தால் லேசாகத் தோன்றும். இதைத்தான் பிக்கப் என்கிறார்கள். கயலிடம் பேட்டை மேல்கையால் மட்டும் பிடித்துத் தூக்கி ஒரு ஸ்ட்ரெயிட் டிரைவ் ஆடச் சொல். மணிக்கட்டு ஆடினால் அந்தப் பேட் வேண்டாம், எத்தனை வரி இருந்தாலும் சரி. அவள் உயரத்துக்குப் பெரியவர் அளவுக்குக் கீழான ஹாரோ அளவு போதும், 1,050 கிராமை ஒட்டிப் பார். "வளருகிற பிள்ளை, பெரிசாகவே வாங்கிவிடுவோம்" என்று உன் வீட்டில் சொல்வார்கள். பள்ளிச் சட்டைக்கு அந்த யோசனை சரி. கனமான பேட்டைத் தூக்கிப் பழகினால் கட் ஷாட்டுக்குக் கை நேரத்துக்கு வராது, கீழ்க்கையால் இழுத்து அடிக்கிற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கோச் வந்தாலும் கழற்ற முடியாது.

காஷ்மீர் வில்லோ பற்றியும் கேட்டிருந்தாய். அனந்த்நாக் பக்கம் சங்கம், பிஜ்பெஹாரா வழியாகப் போகிற நெடுஞ்சாலையில் துண்டங்களை அடுக்கடுக்காகக் காயவைத்திருப்பார்கள். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கனம், இறுக்கம் கூடுதல், துள்ளல் குறைவு, விலையும் வெகுவாகக் குறைவு. வலைப்பயிற்சிக்கு இதில் லேசான ஒன்றை எடுத்துக்கொடு. மேட்சுக்கு மட்டும் நடுத்தர இங்கிலீஷ் வில்லோ. பல பத்தாயிரம் கொடுத்து முதல் கிரேடு வாங்குவது இந்த வயதில் அநாவசியம்.

வாங்கியதும் ஆளி விதை எண்ணெயைப் பச்சையாக, மெலிதாகத் தடவு. கைப்பிடி சேருகிற இடத்தில் படக்கூடாது. பிறகு மேலட் என்கிற மரச் சுத்தியலால் விளிம்பையும் முகத்தையும் பல மணி நேரம் பொறுமையாகத் தட்ட வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டே நீயே செய்யலாம். கார் டிக்கியில் மட்டும் போட்டு வைக்காதே. காரைக்குடி வெயிலுக்கு மரத்தின் ஈரம் வற்றி, எடை குறைந்தது போலத் தெரியும், ஒரு யார்க்கரில் அடி பிளந்துவிடும்.

அடுத்த ஞாயிறு கடை அரை நாள்தான். அவளையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வா. அவள் அளவில் ஏழெட்டு இருக்கிறது, பின்னால் வலையும் கட்டியிருக்கிறேன், அடித்துப் பார்த்தே எடுக்கட்டும். வரும்போது உங்கள் தெருக் கடைச் சீப்புச் சீடை கால் கிலோ, அம்மா கேட்டார்.

அன்புடன்,
சங்கரன்