பலாலியின் வரலாற்றை எங்கே தொடங்குவது? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. விமானப் போக்குவரத்து முகாமைத்துவப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தைத் தெரிவுசெய்திருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நீ அனுப்பிய அத்தியாயப் பிரிப்பையும் வாசித்தேன். முதலாவது அத்தியாயம் 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி நடந்த திறப்பு விழாவில் தொடங்குகிறது. அதற்கு முந்திய காலம் முழுவதும் 'பின்னணி' என்ற தலைப்பின் கீழ் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடுகிறது, அதிலும் பெரும்பகுதி போர்க்காலம். எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது சரி என்று என்னைக் கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி உன்னைப் போன்ற வேறு பிள்ளைகளுக்கும் எழக்கூடும் என்பதால், பதிலை எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தை எடுத்துப் பார். பலாலியிலிருந்து கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். சென்னை மீனம்பாக்கம் சுமார் 355 கிலோமீற்றர். ஏறக்குறைய இரண்டும் ஒரே தூரம். திருச்சிராப்பள்ளியோ 185 கிலோமீற்றருக்குள், அதாவது கொழும்புக்குப் போகும் தூரத்தில் பாதியை விடச் சற்றே அதிகம். எதிர்க்கரையிலுள்ள கோடியக்கரை வெறும் 60 கிலோமீற்றர். இந்த நான்கு தூரங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தத் தீவின் விமானப் பயண வரலாறு ஏன் தமிழ்நாட்டுக் கரையோடு பின்னிப்பிணைந்து தொடங்கியது என்பதும், அதில் பலாலிக்கு ஏன் ஓர் இயல்பான இடம் கிடைத்தது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

1932 ஒக்ரோபர் 15ஆம் திகதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பொதிகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு வரை ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய பஸ் மொத் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ற் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1935 நவம்பர் 27ஆம் திகதி, இலங்கையின் முதலாவது விமான நிலையமான இரத்மலானையில் முதல் விமானம் வந்து இறங்கியது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து. ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல் பிஸ்கோ. அதுவும் ஒரு பஸ் மொத் விமானமே. 1938இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானச் சேவை சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. ஆகவே பலாலியில் ஒரு கல்கூட நாட்டப்படுவதற்கு முன்பே அதன் மேலாகச் செல்லவேண்டிய வழி தீர்மானமாகிவிட்டது என்பது என் கருத்து. உன் முதலாவது அத்தியாயம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஓடுபாதையைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. சிங்கப்பூர் ஏற்கெனவே வீழ்ந்திருந்த நிலையில் இந்து சமுத்திரத்தைக் காக்கும் பொறுப்பு இலங்கையின் தலையில் விழுந்தது. சீனன்குடா, வவுனியா, சிகிரியா, மின்னேரியா, கொக்கல, கட்டுநாயக்க என்று தீவெங்கும் விமானத் தளங்கள் பெருகின. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், சுண்ணக்கல் படுக்கையின் மேல் மெல்லிய செம்மண் போர்த்திய சமதரையில், தோட்டக் காணிகளின் நடுவே அமைக்கப்பட்டதுதான் நம்முடைய தளம். மலையோ ஆறோ இல்லாத நிலம், பக்கத்திலேயே காங்கேசன்துறைத் துறைமுகம், புகையிரதப் பாதையின் கடைசி நிலையம்: ஒரு விமானத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைக் குடாநாட்டில் தேடிப்பிடிப்பது கடினம்.

பிரித்தானிய விமானப்படையின் ஆவணங்களில் இந்தத் தளம் 'காங்கேசன்துறை' என்றே குறிக்கப்படுகிறது. நீ 'பலாலி' என்று மட்டும் தேடினால் இந்தக் காலகட்டம் உன் கையில் அகப்படாது. மதுரையில் நிலைகொண்டிருந்த 203ஆம் விமான அணி 1945இன் தொடக்கத்தில் இங்கே வந்துசேர்ந்தது. அவர்கள் ஓட்டியவை நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்கள். அதன் இறக்கை விரிவு 33 மீற்றருக்கும் அதிகம். இன்று சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் இறக்கை விரிவு 27 மீற்றர்தான்; எடையிலும் லிபரேட்டரே பெரியது. சிறிய விமானங்களுக்காகப் போடப்பட்ட ஏதோ ஒரு மண்பாதையாகத் தொடங்கியது பலாலி என்று சிலர் எழுதுவதை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பெருங்கடலின் மேல் நீண்ட நேரம் பறந்து திரும்பும் கனரக விமானங்களைத் தாங்கிய தளம் அது.

இனி, உன் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக வரவேண்டிய நாளுக்கு வருகிறேன். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, இலங்கையின் முதலாவது விமான சேவையான எயார் சிலோன் தன் முதல் பறப்பை மேற்கொண்டது. கப்டன் பீற்றர் பெர்னாண்டோவின் பொறுப்பில் இரத்மலானையிலிருந்து காலையில் புறப்பட்ட டக்கோட்டா விமானம் முதலில் வந்து இறங்கிய இடம் காங்கேசன்துறை, அதாவது பலாலி. அங்கிருந்து கடல் கடந்து சென்னைக்குச் சென்றது. நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சரியாக எட்டு வாரங்களுக்கு முன்பு நடந்த நிகழ்வு இது. ஒரு நாட்டின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே, அதன் முதற்பயணத்திலேயே, யாழ்ப்பாணம் ஒரு நிலையமாக இருந்தது என்பதை நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 2019இல் திறந்ததைப் 'புதிய' விமான நிலையம் என்று நாளிதழ்கள் எழுதியபோது எனக்கு மனம் வருந்தியது இதனால்தான்.

எயார் சிலோன் வாங்கிய டக்கோட்டாக்கள் போர் முடிந்தபின் மிஞ்சிய இராணுவப் போக்குவரத்து விமானங்கள். அவை இறங்கிய ஓடுபாதையும் போர் விட்டுச்சென்றதுதான். இரண்டையும் பொதுமக்களின் பயணத்துக்குத் திருப்பியதில் அக்காலத்தில் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவலவுக்குப் பெரும் பங்கு உண்டு. விமானங்களுக்கு அரசியரின் பெயர்களையே சூட்டினார்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி. முதற்பறப்பை மேற்கொண்டது சீதா தேவி. இலங்கையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து பாரதக் கரைக்குப் போகும் எயார் சிலோனின் முதல் விமானத்துக்கு அந்தப் பெயரைத் தெரிவுசெய்தவர் யாராக இருந்தாலும், அவரை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

இந்தச் சேவை யாழ்ப்பாணத்தவருக்கு எத்தகைய மாற்றத்தைத் தந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய வழியை நீ அறிந்திருக்க வேண்டும். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. இரு கரையிலும் புகையிரதம் காத்திருக்கும். கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு அது வசதியான வழி. யாழ்ப்பாணத்தவரோ, வடக்கே எதிரில் தெரியாத குறையாக இருக்கும் கரைக்குப் போவதற்காக முதலில் தெற்கு நோக்கி மதவாச்சி வரை புகையிரதத்தில் சென்று, அங்கே வண்டி மாறி, மீண்டும் வடமேற்காகத் தலைமன்னாருக்கு வந்து, கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடியும் புகையிரதம் பிடிக்க வேண்டும். அந்தப் பயணத்தையே டக்கோட்டா, திருச்சிராப்பள்ளி வரை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பழைய கப்பல் வழியும் அறுந்தது.

திருச்சிச் சேவைக்குத் தொடக்கத்திலேயே ஒரு சோதனையும் வந்தது. 1949 டிசெம்பரில் எயார் சிலோனின் டக்கோட்டா ஒன்று திருச்சிராப்பள்ளியில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி, இனிப் பறக்க முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. அதிலிருந்த அனைவரும் உயிர் தப்பினர். அதன்பிறகும் மக்கள் பயணத்தைக் கைவிடவில்லை. சென்னைக் கல்லூரிகளில் படித்தவர்கள், சிதம்பரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நேர்த்தி வைத்தவர்கள், வைத்தியத்துக்குப் போனவர்கள், கூறைச்சேலை எடுக்கப் போன குடும்பங்கள் எனப் பலரும் பலாலியால் பயணம் செய்தார்கள். வசதி படைத்தவர்களே பெரும்பாலும் விமானம் ஏறினார்கள் என்பதையும் நீ மறைக்காமல் எழுத வேண்டும். ஆயினும் ஒரு மாவட்டத் தலைநகரில் கடவுச்சீட்டைக் காட்டி நேரடியாக அயல்நாட்டுக்குப் போகக்கூடிய வாய்ப்பு, கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையம் இன்றைய வடிவை அடைவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது.

எயார் சிலோனின் இறுதிக்காலத்தை நீ விரிவாக எழுதத் தேவையில்லை. 1979இல் எயார் லங்கா உருவானது. ஆனால் எயார் லங்காவின் பார்வை கட்டுநாயக்கவிலிருந்து தொலைதூர நாடுகளை நோக்கியது. 1983க்குப் பிறகு பலாலி பெரும்பாலும் ஒரு படைத்தளமாயிற்று. 1987 யூலை இறுதியில் இந்தியப் படையினர் வந்து இறங்கியதும் இந்த ஓடுபாதையில்தான். 1995 ஏப்ரல் 28ஆம், 29ஆம் திகதிகளில் அடுத்தடுத்து இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிக்கு அருகே வீழ்த்தப்பட்டன. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பயணிகளோடு புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். தரைவழி அடைபட்டிருந்த அந்த ஆண்டுகளில் வேறு வழியின்றி விமானம் ஏறிய சாதாரண மக்களே அவர்களில் பெரும்பாலோர். இந்த 55 பேருக்கும் உன் ஆய்வேட்டில் ஒரு பந்தி இருக்கட்டும். எந்தப் பக்கத்தைச் சார்ந்து எழுதுகிறோம் என்று யோசித்து அதைக் குறுக்கிவிடாதே.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விடயம் காணி. 1990 யூனில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, கட்டுவன் முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் ஒரேயடியாக இடம்பெயர்ந்தார்கள். ஓடுபாதையைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அவர்களுடைய வீடுகளும் தோட்டங்களும் கோயில்களும் பாடசாலைகளும் அகப்பட்டன. பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் இருந்த நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தார்கள், தங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்திலேயே. போர் முடிந்தபிறகும், 2013இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது; அதை எதிர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2015க்குப் பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டு வருகின்றன. எல்லாம் இன்னமும் திரும்பவில்லை.

பயணிகள் தொகையையும் ஓடுபாதையின் நீளத்தையும் மட்டும் வைத்து ஒரு விமான நிலையத்தை அளப்பது முகாமைத்துவப் பாடத்தில் வழக்கமாக இருக்கலாம். பலாலியைப் பொறுத்தவரை அந்த அளவை போதாது. பெரிய விமானங்கள் இறங்கும்படி ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று உன் கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைத்திருக்கிறாய். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் நீட்டுவது யாருடைய காணியில், அவர்களோடு பேசியது யார், அதற்கு ஈடு என்ன என்ற மூன்று கேள்விகளையும் பரிந்துரைக்கு முன்னால் எழுது. அவற்றுக்கு விடை இல்லாத விரிவாக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

2019க்குப் பிந்திய பகுதியை நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய். இந்தியாவின் அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் வழக்கமான சென்னைச் சேவை 2019 நவம்பரில் தொடங்கியதும், கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றதும், 2022 டிசெம்பர் 12 அன்று மீண்டதும், 2024 செப்ரெம்பரில் இன்டிகோ வந்ததும் ஒழுங்காக இருக்கின்றன. அதில் 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய திருச்சிராப்பள்ளிச் சேவைக்கு மட்டும் கூடுதல் இடம் கொடு. டக்கோட்டாக்கள் பறந்த பழைய வழி அதுவே என்பதையும் அங்கே குறிப்பிடு.

தகவல் திரட்டுவதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். சுன்னாகத்திலிருந்து வெளிவந்த 'ஈழகேசரி'யின் பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடிப் பார். 1947 டிசெம்பர் இதழ்களிலிருந்து தொடங்கி, செய்திகளோடு விளம்பரங்களையும் விடாமல் வாசி. கட்டணமும் நேர அட்டவணையும் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். இரண்டாவது இடம் நம்முடைய முதியோர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பலாலியால் பயணம் செய்தவர்கள் இன்று எண்பதைக் கடந்திருப்பார்கள். பலாலிக்கு எப்படி வந்தார்கள், வழியனுப்ப எத்தனை பேர் வந்தார்கள், சுங்கத்தில் எதைத் திறந்து பார்த்தார்கள், திரும்பும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்று கேள். அதே நாளில் வசாவிளானிலோ மயிலிட்டியிலோ ஒரு வீட்டுக்கும் போய், விமானம் வந்து இறங்கும் சத்தத்தைத் தினமும் கேட்டு வளர்ந்தவர்களிடமும் பேசு. இரண்டு தரப்பினரின் சொற்களும் ஒரே அத்தியாயத்தில் பக்கத்துப் பக்கமாக வரவேண்டும்.

மாற்றியமைத்த அத்தியாயப் பிரிப்பை மாத முடிவுக்குள் அனுப்பிவை. 1947க்கு முந்திய பகுதியை எழுதி முடித்ததும் அதை மட்டும் தனியாக அனுப்பினால், திகதிகளை ஒருமுறை ஒப்புநோக்கித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா