கடலோர ஊர்களை எழுதும்போது கடலையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் கடலோர ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் பத்திரிகைகளில் வரிசைகட்டி வருகின்றன. கலங்கரை விளக்கத்தில் எப்போது ஏறலாம், படகு எங்கே கிளம்பும், மீன் காட்சியகத்தில் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்றெல்லாம் விவரமாகப் படிக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தைகள் இறங்கி ஆடப்போகும் கடலைப் பற்றி ‘அழகிய கடற்கரை’ என்பதற்கு மேல் ஒரு வரி இருப்பதில்லை. அந்தக் குறையைத் தங்கள் பத்திரிகையாவது நீக்க வேண்டும்.

முதலில் எழுத வேண்டியது இழுவை நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளம், பாறை ஓரம், தூண்டில் வளைவு எனப்படும், கடலுக்குள் நீளும் கற்சுவரின் பக்கம் எல்லாம் அதற்கு வழி. பள்ளத்தில் ஆழம் கூடுதல் என்பதால் அங்கே அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் மட்டும் சற்றுக் கருத்து, சலனமில்லாமல் ஒரு பாதை தெரியும். கூர்ந்து பார்த்தால் நுரையும் கலங்கிய மணலும் அதன் வழியே கடலை நோக்கிப் போவது தெரியும். ‘இங்கே அலை இல்லை’ என்று பெற்றோருக்குக் குழந்தையை இறக்கிவிடத் தோன்றும் இடமும் அதுதான்! வேகம் சில வேளை நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். தேர்ந்த நீச்சல்காரரும் எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது.

இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியே இழுத்துப் போகிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் உயிர் போகிறது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறலாம். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மூடிய காலி கேன், பந்து என மிதக்கும் எதையாவது வீசுவதே முதல் உதவி.

கொடிகளையும் விளக்க வேண்டும். பல நாடுகளில், மேல்பாதி சிவப்பும் கீழ்பாதி மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளரின் கண்காணிப்பு இருக்கும். தனிச் சிவப்பு பெரும் ஆபத்தைக் குறிக்கும். இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா, ஜெல்லிமீன் போன்றவற்றுக்கான எச்சரிக்கை. நீலக்கொடி என்பது தண்ணீர்த் தரம், சுகாதாரம், பாதுகாப்பு வசதி ஆகியவற்றுக்கான சான்றிதழ். அன்றைய கடல் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

குகைக்கோ திட்டுக்கோ நடந்து போகும் இடங்களில் கடல் வற்றும் நேரம் இல்லாத கட்டுரை அரைகுறைதான். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் நேற்றைய நேரம் இன்று சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத் தொடங்கியபின் போய், மீண்டும் ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதல். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ 16 மீட்டர் வரை போகும்.

அதிகாலையில் கடல் கண்ணாடிபோல் கிடந்தாலும், நிலத்திலிருந்து காற்று வீசினால் காற்றடைத்த மிதவைகளைக் குழந்தையோடு வெளியே தள்ளிவிடும். அவற்றை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயில் காப்புக் களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துத் துவட்டிய பின்னும் மறுபடி பூச வேண்டும்.

ஒவ்வொரு ஊர்க் கட்டுரையோடும் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும்: உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியும் நேரமும், இறங்கக் கூடாத முகத்துவாரமும் பாறைகளும், கடல் வற்றும் நேரத்தை எங்கே பார்ப்பது, அருகிலுள்ள மருத்துவமனை. எழுதப்போகும் நிருபர் அந்த ஊர் மீனவர்களிடமும் உயிர்காப்பாளர்களிடமும் கேட்டால், எந்த இடத்தில் இழுக்கும் என்று கைகாட்டியே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்