திரைகளின் சாவியைக் காட்சிக்கூடத்திடம் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களைக் கட்டுகிற, நடத்துகிற பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அங்கே வீடியோ கருவிகளைப் பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் காட்சிக்கூடத்தில் ஓடும் ஒவ்வொரு வீடியோ பிளேயரின் (திரைக்குப் படத்தை அனுப்பும் சின்னப் பெட்டியின்) நெட்வொர்க் முகவரி என்ன, பாஸ்வேர்டு என்ன, அசல் வீடியோ கோப்புகள் எங்கே இருக்கின்றன என்கிற விவரம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். பொருத்திவிட்டுப் போனவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது. இந்தக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. என்னைக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே நுழைய வழி தெரியாமல்தான் திரை இருண்டு கிடக்கிறது.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்து, மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்த பிறகு, சின்ன ஊர்க் காட்சிக்கூடங்களிலும் நாலு திரை இருந்தால்தான் ஆயிற்று என்ற ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஒரு பானை ஓட்டைக் கண்ணாடிக்குள் வைத்துப் பக்கத்தில் நாலு வரி எழுதி ஒட்டினால் நின்று படிக்காத பிள்ளை, அந்த ஓடு மண்ணுக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தது என்று திரையில் காட்டினால் நின்று பார்க்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்கிறோம். ஆனால் திறப்பு விழா முடிந்து கொஞ்ச காலம் கழித்து அதே கூடத்துக்குப் போய்ப் பாருங்கள், திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருக்கும்.

அப்படி ஒரு கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஐம்பத்தைந்து அங்குல டிவி, அதன் முதுகில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, லேன் கேபிள் குத்தியிருக்கிறது, கேபிள் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய் மறைகிறது. எந்த முனையிலும் லேபிள் கிடையாது. அங்கே டிக்கெட் கொடுக்கும் அக்காவிடம் கேட்டேன். "தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க தம்பி, அதனால நாங்க யாரும் கிட்டவே போறதில்ல" என்றார். பொருத்தியவரின் நம்பர் சுவரில் பேனாவால் எழுதியிருந்தது, அடித்தால் அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை. பெட்டி பழுதாகவில்லை. கூடத்தில் இணைய இணைப்பை மாற்றியிருக்கிறார்கள், புது ரவுட்டர் வந்திருக்கிறது. பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 192.168.29 வரிசையில் கொடுக்கிறது. பெட்டிக்கோ பழைய வரிசையில் நிலையான முகவரி போட்டு வைத்திருக்கிறார்கள். வீடியோவை ஆரம்பிக்கச் சொல்லும் டேப்லெட் ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, பெட்டி இன்னொரு பக்கம் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்திருந்தால் ரவுட்டர் மாற்ற வந்த பையனே சரிசெய்திருப்பான்.

இதற்கு வழி ரொம்பச் சாதாரணமானது. காட்சிக்கூடக் கருவிகளுக்கென்று தனியாக ஒரு சின்ன ரவுட்டரும், பல லேன் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் போடுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரும், பார்வையாளர்களின் வைஃபையும், கேமராவும் அதில் சேரவே கூடாது. அந்த ரவுட்டரிலேயே ஒவ்வொரு பிளேயரின் மேக் முகவரியையும் (தொழிற்சாலையிலேயே கருவிக்குக் கொடுக்கும் அடையாள எண்) பதிந்து, இதற்கு இந்த முகவரிதான் என்று ஒதுக்கிவிடுங்கள். வெளி இணைப்பு எத்தனை தடவை மாறினாலும் உள்ளே எதுவும் அசையாது. பெட்டிக்குள் கைமுறையாக முகவரி போடுவதைவிட இது மேல், ஏனென்றால் எல்லா முகவரியும் ஒரே இடத்தில் ஒரே பட்டியலாக இருக்கும், ஒரு பெட்டி கெட்டுப்போனால் புதுப் பெட்டியின் மேக் முகவரியை மாற்றி எழுதினால் போதும்.

என்ன பெட்டி வாங்குவது என்பதிலும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெண்டரில் 'மீடியா பிளேயர் - 1 எண்ணம்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் வீட்டு டிவிக்கு வாங்கும் ஆண்ட்ராய்டு பெட்டியும் அடங்கும், பிரைட்சைன் மாதிரி இதற்கென்றே செய்த கருவியும் அடங்கும், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரும் அடங்கும். விலை குறைந்ததுதான் வரும். ஆண்ட்ராய்டு பெட்டி திடீரென்று ஏதோ அப்டேட் கேட்டு நடுத்திரையில் ஒரு கட்டத்தைப் போட்டு நிற்கும், அதை மூட ரிமோட் வேண்டும், ரிமோட் யாருடைய மேசை டிராயரிலோ பூட்டிக் கிடக்கும். பிரைட்சைன் வகைக் கருவியில் விசிறி கிடையாது, மின்சாரம் வந்ததும் மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கும் நிரலைத் தானே எடுத்து ஓட ஆரம்பித்துவிடும். பெயர், நெட்வொர்க், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுதிச் செருகினால் கருவி அதைப் படித்துக்கொள்ளும். அப்புறம் அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த லேப்டாப்பிலும் பிரவுசரைத் திறந்து முகவரியை அடித்தால் அதன் பக்கம் வரும். இப்போது என்ன ஓடுகிறது, கார்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, கடைசியாக என்ன பிழை வந்தது என்று பார்க்கலாம், அங்கிருந்தே மறுபடி துவக்கலாம். ஏணி போட்டு டிவியைக் கழற்ற வேண்டாம். இவ்வளவு வசதியும் இருந்து, பாஸ்வேர்டு தெரியாததால் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணம் இல்லை, ராஸ்பெர்ரி பைதான் முடியும் என்றால் அதுவும் தாராளமாகப் போதும், இரண்டு விஷயத்தைக் கவனித்தால். மாலையில் கூடத்தை மூடும்போது ஊழியர் என்ன செய்வார்? எம்சிபி பெட்டியை (கட்டடத்தின் மெயின் மின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) திறந்து வரிசையாகக் கீழே தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அவரைக் குறை சொல்லவே முடியாது, அப்படித்தான் எல்லாக் கட்டடத்தையும் மூடுகிறோம். கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போகலாம். அதனால் ராஸ்பெர்ரி பையின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ஓவர்லே வசதியை இயக்கி, கார்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி வைத்துவிட வேண்டும். இரண்டாவது, கடிகாரம். ராஸ்பெர்ரி பையில் நான்காம் தலைமுறை வரை தனிக் கடிகாரமே இல்லை, 2023 இல் வந்த ஐந்தாவதில் இருக்கிறது, அதற்கும் பேட்டரி தனியாக வாங்கிப் போட்டால்தான் மின்சாரம் இல்லாதபோது நேரம் ஓடும். இணையம் இல்லாத கூடத்தில் மின்சாரம் போய் வந்தால் கருவிக்கு மணி தெரியாது. காலை பத்து மணிக்கு ஓடு என்று எழுதி வைத்தது நள்ளிரவில் ஓடும், பகலில் சும்மா இருக்கும். கூடம் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஓடினால் போதும் என்கிற இடத்தில் நேர அட்டவணையே வேண்டாம், மின்சாரம் வந்தால் ஓடு, அவ்வளவுதான்.

கட்டுப்பாட்டுக்கு வருவோம். பொத்தானை அழுத்தினால் தமிழில், இன்னொன்றை அழுத்தினால் ஆங்கிலத்தில் என்று வைக்கிறீர்கள், அருமை. அந்தப் பொத்தானுக்குப் பதில் பளபளப்பாக ஒரு டேப்லெட் வைத்து, அது வைஃபை வழியாக யூடிபி என்ற முறையில் செய்தி அனுப்பும்படி செய்கிறார்கள். யூடிபியில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக் கேட்கிற ஏற்பாடே கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு பேர் வந்து, கூட வந்த ஆசிரியர்களின் போன்கள் எல்லாம் காற்றில் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்தச் செய்தி தொலைந்தால் தொலைந்ததுதான். பிள்ளை அழுத்தும், ஒன்றும் நடக்காது, இன்னும் பலமாக அழுத்தும், கடைசியில் டேப்லெட்டில் கீறல் விழும். கம்பி வழியாக பிளேயரிலேயே நேராகச் சேரும் பெரிய பிளாஸ்டிக் பொத்தானைப் போடுங்கள். பிள்ளைகள் குத்துவதற்கென்றே செய்தது அது.

புரொஜெக்டர் இருக்கிற கூடங்களில் அதையும் நெட்வொர்க்கில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் புரொஜெக்டர்கள் பிஜேலிங்க் என்ற பொது நெறிமுறையைப் புரிந்துகொள்ளும், 4352 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) டிசிபி வழியாக, அதாவது செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் முறையில், பேசும், சொன்னதைச் செய்தேனா இல்லையா என்று பதிலும் சொல்லும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது, சூடாகிவிட்டதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விளக்கு மங்கிப் படம் தெரியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

டிவி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வீட்டு டிவியை வாங்கினால் பல மாடல்களில் நாலு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் தானாக அணைந்துவிடும், மெனுவில் தேடி அதை நிறுத்த வேண்டும். மின்சாரம் வந்ததும் எந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டில் திறக்க வேண்டும் என்பதை ஹோட்டல் மோடில் (ஹோட்டல் அறைகளுக்காக டிவியில் வைத்திருக்கும், அமைப்புகளைப் பூட்டும் மெனு) பூட்டி வைக்கலாம். பிளேயரில் திரையின் அளவைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் நிலையாக எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் டிவிக்கு முன்னால் பிளேயர் விழித்துக்கொண்ட நாளில் படம் தப்பான அளவில் வரும், அல்லது வரவே வராது.

இன்னொன்று, இது படம் எடுத்துத் தருபவர்களையும் சேர்த்துச் சொல்வது. நம் ஊரில் நிறைய வீடியோக்கள் நொடிக்கு 25 சட்டகத்தில் (25 தனித்தனிப் படங்களாக) எடுக்கப்படுகின்றன. பிளேயரை 60 ஹெர்ட்ஸில், அதாவது திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்படி, விட்டுவிடுகிறார்கள். 25 சட்டகம் 60க்குள் சமமாக உட்காராது, சில சட்டகம் இரண்டு முறை வரும், சில மூன்று முறை வரும். பேசும் முகத்தில் இது தெரியாது. ஆனால் 'ஆதன்' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஒரு பானை ஓட்டின் மேல் கேமரா மெதுவாக நகர்கிறதே, அந்த இடத்தில் எழுத்துகள் விட்டு விட்டு இழுக்கும், கண் அலுத்துப்போகும். பிளேயரின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் அந்த ஓடு வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஒரு அமைப்புதான், ஒரு பைசா செலவில்லை. ஆனால் அதை மாற்ற உள்ளே நுழைய வேண்டுமே.

அதனால்தான் மறுபடி மறுபடி அந்தத் தாளைக் கேட்கிறேன். வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டு போனால் சும்மா விடுவோமா? ஒப்பந்தக்காரர்கள் சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், பராமரிப்பு ஒப்பந்தம் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக. பலர் வேண்டுமென்று செய்வதில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் தரவில்லை. தொலைவிலிருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு ரிமோட் ஆப்பை ஓடவிட்டுப் போகிறார்களே, அதையும் கேளுங்கள். யாரிடம் அதன் கடவுச்சொல் இருக்கிறது? அவர் இன்னும் அந்த நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறாரா? பெட்டி வரும்போதே இருந்த பாஸ்வேர்டை மாற்றினார்களா? வெளியிலிருந்து யாரோ ஒருவர் நுழைந்து அரசாங்கக் கட்டடத்தின் திரையில் என்ன வேண்டுமானாலும் ஓட விட முடியும் என்ற நிலையை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டிலிருந்தே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதில் கவனமாகத்தான் இருக்கிறோம். அதே கவனத்தை வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளுக்கும் கொடுங்கள். அடுத்த டெண்டரில் ஒரு பத்தி சேருங்கள்: நெட்வொர்க் முகவரிப் பட்டியல், எல்லாப் பாஸ்வேர்டும் முத்திரையிட்ட உறையில், அசல் வீடியோ கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்கில், எல்லாம் சரியாக ஓடும் நிலையில் பிரதி எடுத்த உபரி மெமரி கார்டு ஒவ்வொரு பிளேயருக்கும் ஒன்று, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம். முகவரிப் பட்டியலின் ஒரு நகலை எம்சிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், பாஸ்வேர்டு உறையைக் காப்பாட்சியர் பூட்டில் வைக்கட்டும்.

பயிற்சியும் தமிழில், கூடத்திலேயே, தினமும் அங்கே இருப்பவர்களுக்கு நடக்கட்டும். தலைமையகத்தில் அதிகாரிகளுக்குப் பவர்பாயிண்டில் காட்டி முடித்துவிட வேண்டாம். டிக்கெட் கொடுக்கும் அந்த அக்காவுக்கு வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பத் தெரியும், பேரப்பிள்ளைக்கு யூடியூப் போட்டுக் கொடுக்கத் தெரியும். பிரவுசரில் ஒரு முகவரியை அடித்து 'மறுபடி துவக்கு' என்று அழுத்துவது அவருக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

ஒப்படைக்கும் நாளில் ஒப்பந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கட்டும். கூட ஊழியர் மெயினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடட்டும், எல்லாத் திரையும் தானாக வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஒரு பிளேயரிலிருந்து கார்டை உருவி உபரிக் கார்டை அவரே போடட்டும், ஒரு வீடியோவை அவரே மாற்றட்டும், ஒரு முறை ரவுட்டரையும் அணைத்துப் போடட்டும். அத்தனையும் அவர் கையால் நடந்த பிறகு கடைசித் தவணைக்கான பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
காட்சிக்கூடங்களுக்கு வீடியோ கருவி பொருத்தும் ஒரு தொழிலாளி