‘சொந்த ஊரில் டூரிஸ்ட்’ ஸ்கூல் பேக்கேஜ் பத்தின புகார், பணத்தைத் திருப்பிக் குடுங்க

வணக்கம் சார் / மேடம்,

நான் ஏழாம் வகுப்பு டீச்சர். போன வாரம் எங்க கிளாஸ் பசங்க 44 பேரை உங்க ‘சொந்த ஊரில் டூரிஸ்ட்’ பேக்கேஜ்ல கூட்டிட்டு வந்தோம். கஸ்டமர் கேருக்கு போன் போட்டா உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்னு ரெக்கார்டிங் ஓடிட்டே இருக்கு, ஆளு யாரும் எடுக்கல, அதான் எழுத்துலயே குடுக்கறேன். நீளமாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

உங்க நோட்டீஸ்ல போட்டிருந்தது, பழைய ஊர்ப் பகுதியை நடந்தே பார்க்கலாம், 15 பேருக்கு ஒரு கைடு, ஆளுக்கொரு ஹெட்செட், மியூசியம், அப்புறம் டூருக்கு முன்னாடி ஒரு மேப் பின்னாடி ஒரு மேப் பசங்களே வரையறது. அந்த மேப்பைப் பார்த்துத்தான் நான் ஹெச்எம் கிட்ட சண்டை போட்டு பர்மிஷன் வாங்கினேன். கெவின் லிஞ்ச்னு ஒரு அமெரிக்க நகரத் திட்டமிடல் நிபுணர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஜனங்கள அவங்கவங்க ஊரை ஞாபகத்துல இருந்தே வரையச் சொல்லிப் பார்த்து, பாதை, எல்லை, பகுதி, சந்திப்பு, அடையாளம்னு அஞ்சு விஷயமாத்தான் ஒரு ஊர் மனசுல நிக்குதுன்னு 1960ல எழுதினார். அதே மாதிரி எங்க பசங்களும் முதல் மேப்பை கிளாஸ்லயே வரைஞ்சாங்க. என்ன வந்துச்சு தெரியுமா, வீடு, ஸ்கூல், டியூஷன், நடுவுல வேன் போற ரோடு, அவ்ளோதான், மத்ததெல்லாம் வெறும் பேப்பர். பொறந்ததுல இருந்து இதே ஊர்ல இருக்கிற பசங்க சார். அதைக் கொஞ்சமாவது நிரப்பலாம்னுதான் உங்ககிட்ட பணம் கட்டினோம்.

வந்தது ஏசி பஸ். ஜன்னல் திறக்காது. கைடு ஒரே ஒருத்தர். ஹெட்செட் எங்கன்னு கேட்டா சார்ஜ் இல்லையாம். சரி அவராவது பேசுவார்னு பார்த்தா அவரும் பேசல, ரெக்கார்ட் பண்ண ஆடியோவைப் போட்டுட்டு முன் சீட்ல உக்காந்துட்டார். இதுல ஜிபிஎஸ் பார்த்து இடம் வந்ததும் தானா பேசுற சிஸ்டமெல்லாம் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, உங்களது அது இல்ல போல, சும்மா ஓடிட்டே இருக்கு. சிக்னல்ல பஸ் நின்னா ஆடியோ மட்டும் அடுத்த இடத்துக்குப் போயிடுது. “உங்கள் வலதுபுறம் தெரியும் கம்பீரமான மணிக்கூண்டு”ன்னு சொல்றப்ப வலதுபுறம் தெரிஞ்சது ஒரு ஆஸ்பத்திரி காம்பவுண்ட் சுவர். பசங்க சிரிச்சு உருண்டுட்டாங்க, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

எனக்கு இதெல்லாத்தையும் விட தாங்கலைன்னா அது மார்க்கெட் கிட்ட நடந்ததுதான். எங்க பையன் ஒருத்தன், அவன் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல, அப்பா அங்கயே மூட்டை இறக்குறார். பஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் எழுந்து நின்னு “மிஸ் அதான் எங்க தெரு, அந்த வளைவுக்குக் கீழ ஒரு கல்லுல வருஷம் செதுக்கி இருக்கு”ன்னு கத்தினான். உங்க கைடு என்ன சொன்னார் தெரியுமா? “தம்பி உக்காரு, கமெண்ட்ரி ஓடுதுல்ல.” அவ்ளோதான், அதுக்கப்புறம் அந்தப் பையன் வாயே திறக்கல. அந்தக் கல்லு உங்க ஆடியோல இல்ல, உங்க கைடுக்கும் தெரியாது, தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான், அவனைப் போய் உக்கார வெச்சீங்க. 1992லயே நியூயார்க்ல கிரீட்டர்னு ஆரம்பிச்சாங்க, அந்தந்த ஏரியாவுல குடியிருக்கிறவங்களே வெளியூர்ல இருந்து வர்றவங்களைச் சின்னச் சின்னக் குழுவா கூட்டிட்டுப் போய்க் காட்டுறது. டொரோண்டோல 2007ல தொடங்கின ஜேன்ஸ் வாக்கும் ஊர்க்காரங்களே நடத்துற நடைதான், காசே வாங்க மாட்டாங்க. நீங்க காசும் வாங்கிட்டு உள்ளூர்க்காரன் வாயையும் அடைச்சிருக்கீங்க.

அப்புறம் அந்த கிஃப்ட் ஷாப். நோட்டீஸ்ல இல்லாத ஸ்டாப் அது, ஆனா அன்னைக்கு ரொம்ப நேரம் நின்ன இடமும் அதுதான், கமிஷனா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. சொந்த ஊர் பேரு போட்ட சாவிக்கொத்தை வாங்கி அதே ஊர்ல யாருக்குங்க குடுக்கறது? இதுல லேட்டாகி மியூசியத்துக்குப் போனா உள்ள விடல. மூடறதுக்கு முன்னாடியே டிக்கெட் குடுக்கறத நிறுத்திடுவாங்கன்னு டூர் கம்பெனிக்குத் தெரியாதா? வாசல்ல குரூப் போட்டோ எடுத்துட்டு திரும்பிட்டோம். ரெண்டாவது மேப் வரையவே இல்ல, எதை வரையறது, ஜன்னல் கண்ணாடியையா.

பாதுகாப்புக்காகத்தான் நடக்க வைக்கலைன்னு உங்க மேனேஜர் அன்னைக்கே சொன்னார். பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் வாங்கி அனுப்பினோம், கூட வர்றதுக்கு டீச்சருங்க மூணு பேர் இருந்தோம், நீங்க சொன்னபடி கைடு அனுப்பியிருந்தா தாராளமா நடந்திருக்கலாம். ஆள் குறைச்சது நீங்க, அதுக்கு பாதுகாப்புன்னு பேரு வைக்காதீங்க.

இன்னொன்னு, இது உடனே பண்ணனும். அந்த வாசல் போட்டோவை உங்க பேஜ்ல போட்டிருக்கீங்க, பசங்க முகம், பேட்ஜ், ஸ்கூல் பேரு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. எங்ககிட்டயோ பெற்றோர்கிட்டயோ யாரும் கேக்கல. இதைப் படிச்ச உடனே எடுங்க, மத்த பேச்செல்லாம் அப்புறம்.

மியூசியம் டிக்கெட், ஹெட்செட், கைடு, இந்த மூணுக்கும் பில்லுல தனித்தனியா வாங்கின தொகையை முழுசா திருப்பி அனுப்புங்க. அதுக்குப் பதிலா அடுத்த டூர்ல தள்ளுபடின்னு கூப்பன் அனுப்பாதீங்க, வேண்டாம். பில், நோட்டீஸ், அன்னைக்கு எடுத்த வீடியோ எல்லாம் இதோட வெச்சிருக்கேன். 15 நாள்ல பதில் வரலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறதா பெற்றோர் சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க.

பதிலை இந்த மெயிலுக்கே போடுங்க. பகல்ல போன் பண்ணா எடுக்க முடியாது, கிளாஸ்ல இருப்பேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு ஆசிரியை