கழுவுறது யாருன்னும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற சமையல் பக்கத்த விடாம படிக்கிறவ நான். கொஞ்ச காலமாவே அந்தப் பக்கம் கடை நோட்டீஸ் மாதிரி ஆயிட்டு வருது. ஒரு வாரம் ஏர் ஃப்ரையர், அடுத்த வாரம் ஸ்லோ ஜூஸர், அப்புறம் பிங்க் சால்ட், நடுவுல சிறுதானிய நூடுல்ஸ், எத எடுத்தாலும் ஆரோக்கியத்துக்கு இது அவசியம்னுதான் முடியுது. எழுதுறவங்க நல்ல மனசோடதான் எழுதுறாங்க, ஆனா அந்தச் சாமான சமைச்சு முடிச்சப்புறம் யாரு கழுவப் போறாங்க, எவ்வளவு நேரம் ஆகும்ங்கறத ஒருத்தர் கூட எழுதுறதில்லீங்க. ஒரு மெஷின் உருப்படியா இல்லையான்னு நான் பாக்குற முதல் கேள்வியே அதுதான்.

ஏர் ஃப்ரையரையே எடுத்துக்கலாம். எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, மக வாங்கிக் குடுத்தது, அதனால தெரியாம பேசல. உள்ள ஒரு காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், சூடான காத்த வேகமா சுத்தி விடுது, அவ்வளவுதான் சங்கதி. சின்ன சைஸ் அவன் அது, அதுக்கு ஃப்ரையர்னு பேரு வச்சவன் நல்ல வியாபாரி. வேர்க்கடலை வறுக்கறதுக்கு, சேனைக்கிழங்கு வறுவலுக்கு, ஆறிப்போன பஃப்ஸ சூடு பண்றதுக்கு எல்லாம் பிரமாதமா இருக்கு, மறுக்கவே இல்ல. ஆனா எண்ணெயே இல்லாம பஜ்ஜி வடைன்னு போட்டிருந்தீங்களே, அத எழுதுனவங்க ஒருக்காவாவது செஞ்சு பாத்தாங்களா? பஜ்ஜி மாவு தளர இருக்கும், கூடையில பூரா ஓட்டை, முக்கி வச்ச வாழக்காய்ல இருந்து மாவு சொட்டு சொட்டா இறங்கி அடித்தட்டுல காஞ்சு ஒட்டிக்கும், மேல கையில கெடைக்கறது வறண்டு போன வாழக்காத் துண்டு. உளுந்து வடைக்கு எண்ணெய்ல விழுந்த உடனே சுத்திவர சூடு புடிக்கணும், அப்பத்தான் வெளிய மொறுமொறுன்னு வரும், காத்துல வெந்தா அது வேற ஒரு பலகாரம், அதுக்கு வேற பேருதான் வைக்கணும். அப்பளத்த போட்டுட்டீங்கன்னா இன்னும் வேடிக்கை, லேசா இருக்கறதால காத்துல எந்திரிச்சு மேல காயில்ல போய் உக்காந்து கருகும், அந்த வாடை சாமானியத்துல போகாது.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல, கழுவுறதுக்கு வாங்க. கூடை தனி, உள்தட்டு தனி, ரெண்டுலயும் இடுக்குல எண்ணெய்ப் பிசுக்கு காஞ்சு மஞ்சளா நிக்கும். ஸ்டீல் நார் போட்டா கோட்டிங் உரிஞ்சிரும், அதனால வெந்நி ஊத்தி ஊற வச்சு, பழைய டூத் பிரஷ் எடுத்து ஓட்டை ஓட்டையா தேய்க்கணும். இரும்பு வாணலின்னா எண்ணெய வடிச்சுட்டு பேப்பர்ல ஒரு தொடை, ஒரு தேய்ப்பு, கவுத்து வச்சுட்டு வந்துரலாம். அஞ்சு பேரு இருக்கற வீட்டுக்கு 4 லிட்டர் மெஷின்ல உருளைக்கிழங்கு ஒரே தடவைல ஆகாது, மூணு தடவை போடணும், மொத ஈடு எடுத்தவங்க சாப்பிட்டு கை கழுவும்போது கடைசி ஈடு வெளிய வரும். 1500 வாட் மெஷின் 20 நிமிஷம் ஓடுனா அரை யூனிட் கரண்ட், மூணு ஈட்டுக்கு ஒன்றரை யூனிட், அதையும் சேர்த்துக்குங்க.

இன்னொண்ணு, வீட்ல நாங்க தினமும் வாணலி வச்சா பொரிக்கறோம்? ஞாயித்துக்கிழமையோ, யாராவது வந்தாலோதான். எண்ணெய் வயித்துக்குள்ள போறது பேக்கரி பலகாரத்துலயும், மிக்சர் பாக்கெட்லயும், சாயங்காலம் ரோட்டோரம் நின்னு திங்கற பஜ்ஜியிலயும்தான். பொரிக்கிற எண்ணெய்ல டோட்டல் போலார் காம்பவுண்டுங்கற கழிவுப்பொருள் 25 சதவீதத்த தாண்டுச்சுன்னா திரும்பப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலைல இருந்தே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி இருக்கு. அந்த விதி நம்ம பஸ் ஸ்டாண்டு வாணலி வரைக்கும் வந்து சேந்துச்சான்னு ஒரு நிருபர அனுப்பிப் பாருங்களேன், அது நியூட்ரிஷன் கட்டுரை. அதோட உருளைக்கிழங்க ரொம்பச் செவக்க விட்டா அக்ரிலமைடுன்னு ஒண்ணு உண்டாகுது, 120 டிகிரிக்கு மேல போற வறுவல் எதுலயும் அது வரும், ஏர் ஃப்ரையருக்கு அதுல விதிவிலக்கு கெடையாது. பொன்னிறத்துலயே எடுத்துருங்கன்னு ஒரு வரி சேர்த்திருந்தீங்கன்னா புண்ணியமாப் போயிருக்கும்.

ஜூஸர் பத்தி நான் அதிகம் பேசப் போறதில்ல. பழத்துல இருக்கற நார்ச்சத்த வடிகட்டி குப்பைல கொட்டிட்டு, இனிப்புத் தண்ணிய மட்டும் குடிக்கறதுக்கு ஆயிரக்கணக்குல காசு, அப்புறம் அந்த வலைய பிரஷ் போட்டுத் தேய்க்கணும். கொய்யாப்பழத்த நாலா நறுக்கி உப்பு மொளகாத்தூள் தொட்டுத் தின்னா ஒரு கத்தி கழுவுனாப் போதும்ங்க.

இத வச்சு நான் மெஷினே வேண்டாம்ங்கற ஆளுன்னு நெனச்சுராதீங்க. நான் கோயமுத்தூர்க்காரி, கிரைண்டர் பொறந்த ஊரு. 1955ல இங்க சபாபதிங்கறவர் கண்டுபுடிச்சதுன்னு சொல்லுவாங்க, இப்ப கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு. எங்கம்மா ஆட்டாங்கல்லு முன்னாடி உக்காந்து ஒரு கையில குழவி, ஒரு கையில மாவத் தள்ளி விட்டு ஆட்டுனத பாத்து வளந்தவளுக்குத்தான் அந்த மெஷினோட அருமை தெரியும். 2011ல அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன் இலவசமாக் குடுத்தப்ப கேலி பேசுனவங்க பாதிப் பேரு ஆட்டாங்கல்லத் தொட்டிருக்கவே மாட்டாங்க. கிரைண்டர் கல்லு மெதுவா சுத்தறதால மாவு சூடாகாது, உளுந்து காத்த இழுத்துக்கிட்டு பந்து பந்தா எழும்பும், அதே உளுந்த மிக்சில போட்டா பிளேடு வேகத்துக்கு ஜார் சுட ஆரம்பிச்சுரும், ஐஸ் தண்ணி ஊத்தித்தான் சமாளிக்கணும். கழுவுற வேலை இதுலயும் இருக்கு, கல்லத் தூக்கறதுக்குள்ள இடுப்பு புடிக்கும், ஆனா அலசுன தண்ணிய அரிசி மாவுலயே ஊத்திக்கறோம், வீணா போறது ஒண்ணுமில்ல, ஒரு தடவை கழுவுனா நாலு நாளைக்கு இட்லி தோசை. கணக்கு சரியா வருது.

சந்தகைன்னு இடியாப்பம் மாதிரி ஒரு பலகாரம், அதப் புழியற மெஷினும் அப்படித்தான். மூணு காலு வச்சு மேல திருகற இரும்பு மெஷின், எங்க கொங்கு பக்கம் பழைய வீடுகள்ல எல்லாம் இருக்கும். புழுங்கலரிசிய ஆட்டி இட்லியா ஊத்தி, ஆவி பறக்கப் பறக்க அதுல போட்டுத் திருகணும், கொஞ்சம் ஆறுனாலும் கைப்பிடி அசையாது. கடைசில அந்தச் சல்லடை ஓட்டைல காஞ்ச மாவ ஊசி வச்சுத்தான் எடுக்கணும், கழுவுறதுல இத மிஞ்சுன தொல்லை ஒண்ணு கெடையாது. இருந்தாலும் தேங்காப்பால்ல வெல்லம் போட்டு சந்தகை மேல ஊத்தி வச்சா வீட்ல நாலு பேரும் சேர்ந்து கழுவ வருவாங்க, அதனால அத நான் கணக்குல சேர்க்கறதில்ல.

இப்ப சாதத்துக்கு வர்றேன். குக்கர் சாதம் சாப்பிட்டாத்தான் சுகர் வருது, கஞ்சி வடிச்சா வராதுன்னு வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருக்கறத உங்க பக்கத்துலயும் போட்டுட்டீங்க. வடிக்கும்போது மேலாப்புல இருக்கற மாவு கொஞ்சம் போகும், சரி, அதோட தண்ணில கரையற பி விட்டமினும் சேந்து போகுமே, அத எழுதலையே. அந்தக் காலத்துல வடிச்ச கஞ்சில உப்புப் போட்டு குடிச்சாங்க, இப்ப சிங்க்ல ஊத்தறோம். மூணு தட்டு சாதம் சாப்பிட்டா வடிச்சதுன்னாலும் குக்கர்னாலும் மூணு தட்டுதான். கொறைக்கணும்னா சாதத்தக் கொறச்சு பொரியலக் கூட்டி வைக்கணும், அதுக்கு குக்கர குத்தம் சொல்லி என்னாகப் போகுது. ஒரே குக்கர்ல கீழ பருப்பு, மேல சாதம், உள்ள 120 டிகிரி சூடுங்கறதால சட்டுனு வெந்துருது, கேஸும் மிச்சம், கழுவ ரெண்டே பாத்திரம்.

அரிசியப் பத்திப் பேசுனா குன்னூர மறக்கக் கூடாது. இன்னைக்கு ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்லதான் ஆரம்பிச்சது, மெக்காரிசன்னு ஒரு டாக்டர், பெரிபெரி நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ண. 1958லதான் ஹைதராபாத்துக்குப் போச்சு. பெரிபெரின்னா பி1 விட்டமின் இல்லாம கைகால் மரத்துப் போற, இருதயத்தையும் பாதிக்கற வியாதி, நல்லா தீட்டுன பச்சரிசியவே நம்பி இருந்தவங்களுக்கு வந்தது. புழுங்கலரிசின்னா நெல்ல ஊற வச்சு அவிக்கும்போதே தவிட்டுல இருக்கற பி1 உள்ள மணிக்குள்ள போய் சேந்துரும், அப்புறம் தீட்டுனாலும் ஓரளவு நிக்கும். நம்ம வீட்டு இட்லி அரிசிக்குள்ள இவ்வளவு விஷயம் இருக்கு, அத ஒரு வாரம் எழுதுங்கன்னா கினோவா சாலட் போடுறீங்க.

சிறுதானியத்த நான் கொறை சொல்லல. கேப்பைல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, களியோ கூழோ எங்க வீட்ல எப்பவும் உண்டு. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சதுல இருந்து வரகு, சாமை எல்லாம் பளபளன்னு வெள்ளையா பாக்கெட்ல வருது. தவிடு பூரா போற அளவுக்குத் தீட்டிட்டா அப்புறம் நார்ச்சத்து எங்க இருக்கும்? கிராமத்துல இருந்து வாங்குனா கல்லு இருக்கும், அரிக்கணும். அத்தை சாமைச் சோறு தொடமாட்டாங்க, பையன் களியப் பாத்தா எந்திரிச்சு போயிருவான், அப்ப ரெண்டு ஒலை வைக்கணும், அந்த ரெண்டாவது ஒலை யாரு தலைலன்னு உங்க டயட்டீஷியன் சொல்லவே மாட்டேங்கறாங்க.

பிங்க் சால்ட்டுக்கு ரெண்டு வரி போதும். அந்த நெறம் இரும்புக் கலப்பால வர்றது, மத்தபடி 100க்கு 97 பங்குக்கு மேல அதே சோடியம் குளோரைடுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல உப்பு வேண்டாம்ங்கறாங்க, அந்த 5 கிராம்ல என்ன மினரல் கெடச்சுரப் போகுது, ஆனா அயோடின் சேக்காத பாக்கெட்டுன்னா அதுமட்டும் கண்டிப்பா போயிரும். வீட்ல கர்ப்பமா இருக்கற பொண்ணு இருக்கும்போது உப்ப மாத்தற ஃபேஷன் வேண்டாம்ங்க.

காசும் செலவாகாம, பாத்திரமும் விழாம பண்ணக்கூடிய விஷயங்கள் இருக்கு, அத ஏன் யாரும் எழுத மாட்டேங்கறாங்கன்னுதான் தெரியல. 2024 மே மாசம் அதே ஊட்டச்சத்து நிறுவனம் ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட சேர்ந்து உணவு வழிகாட்டி வெளியிட்டாங்க. அதுல சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்னு இருக்கு, அதுல இருக்கற டானின்ங்கற பொருள் இரும்புச்சத்த உடம்புல சேர விடாதாம். எங்க தெருவுல இட்லி சாப்பிட்ட கையோட காபி டம்ளர் எடுக்காத வீடே இல்ல. அதே மாதிரி முருங்கைக்கீரைப் பொரியல எறக்கறப்ப அரை எலுமிச்சம்பழம் புழிஞ்சா கீரைல இருக்கற இரும்பு இன்னும் நல்லா சேரும். புரோட்டீன் பவுடர் தேவையில்லாம வாங்காதீங்கன்னும் அதே வழிகாட்டில போட்டிருக்கு, அதுக்குப் பக்கத்துல கொள்ளுப் பருப்பு கடையற முறையப் போட்டா எங்க ஊர்க்காரங்க சந்தோஷப்படுவாங்க. அளவு மட்டும் ஒழுங்கா போடுங்க, உப்பு தேவையான அளவு, தண்ணி தேவையான அளவுன்னு போட்டா புதுசா சமைக்கற புள்ளைங்க என்னதான் பண்ணும்.

கடைசியா கடை மாவு விஷயம். அத வாங்கறவங்கள சோம்பேறிங்கற மாதிரி போன மாசம் ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சுட்டு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி வீட்டுக்கு வர்ற பொண்ணு அரிசி ஊறப் போட்டு, ஆட்டி, கல்லக் கழுவி எப்ப தூங்கறது? அவ கடை மாவு வாங்கட்டும், தாராளமா வாங்கட்டும். நீங்க எழுத வேண்டியது அந்த மாவப் பத்தி. எந்தத் தண்ணில ஊற வைக்கறாங்க, எப்ப ஆட்டுனது, சோடா உப்பு போடுறாங்களா, பாக்கெட் மேல ஆட்டுன தேதி ஏன் இருக்கறதில்ல. விடிகாலைல மாவுக் கடைங்க சுறுசுறுப்பா ஓடும்போது ஒரு நிருபர அனுப்பி வைங்க, எங்க ஏரியாவுலயே மூணு கடை இருக்கு, வந்தா நானே கூட்டிட்டுப் போய் காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயமுத்தூர்.