ரோமில் குளூட்டன் இல்லாத வீகன் சாப்பாடு: ஒரே கேள்வியில் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், "வீகன் உணவும் குளூட்டன் இல்லாத உணவும் இப்போது எங்கும் கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அது சரிதான். இரண்டும் சேர்ந்து தேவைப்படுகிறவர் அந்த வரியை நம்பிப் போனால் ஒன்று பட்டினி கிடப்பார், அல்லது வயிற்றைக் கெடுத்துக்கொள்வார். சீலியாக் நோயும் (கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) இருந்து, பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாதவர்களுக்காக, ரோம் நகரை எடுத்துக்கொண்டு சில விவரங்களை எழுதுகிறேன். பயணப் பக்கங்களில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

சிக்கலின் வேர் மாவில் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபட்டு வருவதற்கும், ரொட்டி உப்பி நிற்பதற்கும் குளூட்டன்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் மாவு உதிர்ந்துபோகும். பிடிப்புக்காக முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், வெண்ணெய் என்று எதையாவது சேர்க்கிறார்கள். குளூட்டன் இல்லாத ரொட்டி, கேக், குரோசான் பலவும் வீகன் ஆகாமல் போவது இதனால்தான். மறுபக்கம், வீகன் சமையலில் இறைச்சியின் இடத்தைப் பிடித்திருப்பது 'சைத்தான்' (seitan) என்ற உணவு. கோதுமை மாவிலிருந்து மாப்பொருளைக் கழுவிவிட்டு எஞ்சும் குளூட்டன் கட்டியே அது. ரோமின் வீகன் கடைகளில் 'ஸ்த்ராச்செத்தி தி சைத்தான்' என்று கீற்றுக் கீற்றாக வதக்கித் தருவார்கள். சீலியாக் நோயாளிக்கு அதைவிட மோசமான தட்டு இல்லை. சோயா பர்கரிலும் பிடிப்புக்குக் கோதுமைப் புரதம் சேர்ப்பதுண்டு.

விமானத்திலேயே இது தொடங்கிவிடும். முன்பதிவில் ஜி.எஃப்.எம்.எல். என்ற குறியீடு குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக்கு. அதில் கோழியோ தயிரோ வரலாம். வி.ஜி.எம்.எல். என்பது பால், முட்டை இல்லாத சைவத்துக்கு. அதில் கோதுமை ரொட்டி வரலாம். பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு குறியீடுதான் பதிவாகும். சீலியாக் உள்ளவர் ஜி.எஃப்.எம்.எல். கேட்டுவிட்டு, அதிலுள்ள சோறு, காய், பழத்தை மட்டும் சாப்பிட்டு, மீதிக்குக் கையில் எடுத்துப் போவதே பத்திரம். குறியீட்டை விமான நிறுவனத்தைப் பொறுத்துப் பயணத்துக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பாவது பதிய வேண்டியிருக்கும்.

ரோமில் இறங்கியதும் கைகொடுப்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற விதிமுறை 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 14 ஒவ்வாமைப் பொருள்களை, பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலில் தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு விதத்தில் எடுப்பாகக் காட்ட வேண்டும். உணவகங்களும் கேட்பவருக்கு இந்தத் தகவலைத் தர வேண்டும். இத்தாலிய உணவகங்கள் பலவற்றில் மெனு அட்டையில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். சட்டத்தின் வரிசைப்படி 1 குளூட்டன் உள்ள தானியம், 2 இறால் நண்டு வகை, 3 முட்டை, 4 மீன், 7 பால், 14 சிப்பி, கணவாய் வகை. சில கடைகளில் வரிசை மாறியிருக்கும். கடைசிப் பக்கத்தில் உள்ள விளக்கத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு எண்களும் இல்லாத உணவுகளை விரலால் தேடினால், ஐந்து நிமிடத்தில் மெனுவில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

அதற்குப் பிறகும் இரண்டு ஓட்டைகள் உண்டு. இறைச்சி, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், தேன் எதுவும் அந்த 14-இல் இல்லை. ஆகவே எண்களை வைத்து மட்டும் ஓர் உணவை வீகன் என்று முடிவு கட்ட முடியாது. அடுத்தது, எண் 1 இல்லை என்றால் செய்முறையில் கோதுமை இல்லை என்று மட்டுமே பொருள். சமையலறையில் கோதுமை படவில்லை என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

அந்த உத்தரவாதம் வேண்டுமானால் 'சென்ஸா க்ளூத்தினே', அதாவது குளூட்டன் இல்லாதது, என்ற வாசகத்தைத் தேட வேண்டும். 828/2014 என்ற விதிமுறைப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படி எழுதக்கூடாது. அதாவது 100 கிராம் ரொட்டியில் அதிகபட்சம் 2 மில்லிகிராம். இது உணவகத்துக்கும் பொருந்தும். 'வீகன்' என்ற சொல்லுக்கு ஒன்றிய அளவில் இப்படிச் சட்ட வரையறை எதுவும் கிடையாது. இலை முளைத்த 'வி' எழுத்துச் சின்னம் இருந்தால், அதன் கீழே 'வீகன்' என்று இருக்கிறதா 'வெஜிடேரியன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சின்னம் ஒன்றுதான், கீழே உள்ள சொல்தான் வேறு.

பொட்டலத்தில் பலரையும் குழப்பும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் 'சென்ஸா க்ளூத்தினே' என்று இருக்கும். பின்பக்கம் தடித்த எழுத்தில் 'ஃப்ருமெந்தோ', அதாவது கோதுமை, என்று இருக்கும். அச்சுப் பிழை இல்லை. குளூட்டனைக் கழுவி எடுத்த கோதுமை மாப்பொருளைக் குளூட்டன் இல்லாத பீட்சா மாவில் சேர்க்கிறார்கள். மாவு மென்மையாக வர அதுதான் காரணம். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிடலாம். கோதுமை ஒவ்வாமை உள்ளவர் தொடவே கூடாது. பீட்சா கடையில் குளூட்டன் இல்லாத மாவு என்று சொன்னாலும், ஒவ்வாமைக்காரர் இந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இனி உணவகத்தில் பேசும் முறை. இத்தாலியில் சீலியாக் நோயைப் பற்றிய விழிப்பு அதிகம். 2005-ஆம் ஆண்டின் 123-ஆம் எண் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. இத்தாலிய சீலியாக் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி தந்து தன் பட்டியலில் சேர்க்கிறது. அந்தக் கடைகளின் வாசலில் சங்கத்தின் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதனால் "சோனோ செலீயகோ", பெண்ணாக இருந்தால் "செலீயகா", என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதை நோயாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டு வருவார்கள். வீகன் என்பதை அதற்குப் பிறகு, தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டுமே விருப்பத்துக்கான உணவுமுறை என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். 'வேகானோ' என்ற சொல்லோடு நிறுத்தாமல் கார்னே, பெஷே, உவோவா, லாத்தே, ஃபொர்மாஜோ, பூர்ரோ, மியேலே என்று இறைச்சி முதல் தேன் வரை ஒவ்வொன்றாக அச்சடித்த அட்டையை நீட்டுவது நல்லது. வெண்ணெயைத் தனியாகச் சொல்லாவிட்டால், பாலாடைக்கட்டி போடாத ரிசோத்தோ என்ற அரிசி உணவில் வெண்ணெய் வந்து நிற்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பாஸ்தா புதுத் தண்ணீரில், தனிப் பாத்திரத்தில் வேகிறதா? வடிதட்டு தனியா? பொரிக்கும் எண்ணெய் தனியா? சூப்புக்கும் ரிசோத்தோவுக்கும் ஊற்றும் சாறு எதில் செய்தது? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாறு இறைச்சி எலும்பில் வெந்ததாக இருக்கலாம். கட்டியாக வாங்கிக் கரைத்ததாக இருந்தால் அதில் கோதுமையும் பால் பொருளும் இருக்கலாம். குளூட்டன் இல்லாத பாஸ்தாவிலும் உலர்ந்ததைக் கேளுங்கள். மக்காச்சோளம், அரிசி மாவில் செய்த உலர் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இராது. புதிதாகப் பிசைந்ததில் முட்டை இருக்கும். ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டையில் கோதுமையும் இருக்கும், பல இடங்களில் முட்டையும் இருக்கும்.

ரோமின் பெயர்பெற்ற நான்கு பாஸ்தாக்களான கார்போனாரா, அமத்ரிச்சானா, கிரிச்சா, காச்சோ ஏ பேபே எதுவும் வீகனுக்கு ஆகாது. தக்காளி, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெயில் செய்யும் அர்ராபியாத்தாதான் நமக்கானது. மேலே பெக்கொரீனோ என்ற பாலாடைக்கட்டியின் துருவலைத் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மெனுவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது 'கொந்தோர்னி' என்ற துணை உணவுப் பகுதி. 'சிக்கோரியா ரிபஸ்ஸாத்தா' ரோமின் அன்றாடக் கீரை. வேகவைத்துப் பிழிந்த கசப்புக் கீரையைப் பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெயில் புரட்டித் தருவார்கள். பார்வைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் சுறுசுறுப்பான சமையலறையில், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் பாஸ்தா தண்ணீரிலேயே கீரையை வேகவைப்பதும் நடக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஆட்டிறைச்சியோடு ஒரே தட்டில் வெந்து அதன் கொழுப்பைக் குடித்திருக்கலாம். குளிர்காலத்து 'புந்தரெல்லே' சாலட்டின் சாற்றில் நெத்திலி மீனை அரைத்திருப்பார்கள். வசந்த காலத்து 'விஞரோலா' பட்டாணி, பீன்ஸ், ஆர்ட்டிசோக் கூட்டு. அதில் பன்றிக் கன்னக் கொழுப்பு சேர்ப்பதுண்டு.

கோடையில் போகிறவர்களுக்கு ஓர் அருமையான உணவு உண்டு. 'பொமொதோரி அல் ரீசோ' என்று, குடைந்த தக்காளிக்குள் அரிசி, துளசி வகை இலை, பூண்டு, எண்ணெய் நிரப்பி, சுற்றிலும் உருளைக்கிழங்கு போட்டு வாட்டியிருப்பார்கள். செய்முறைப்படி அதில் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் இதை விற்பது பெரும்பாலும் ரொட்டிக் கடைகள். மாவு பறக்கும் இடத்தில், பீட்சா வெட்டிய கத்தியால் எடுத்துத் தந்தால் சீலியாக் நோயாளிக்குப் பயனில்லை. வீகனுக்கு மட்டும் தேடுகிறவர் யோசிக்காமல் வாங்கலாம்.

யூதக் குடியிருப்பாக இருந்த கெத்தோ பகுதி தனியாகச் சொல்லத்தக்கது. யூத மத விதிப்படி சமைக்கும் அங்குள்ள கோஷர் உணவகங்களில் இறைச்சி சமைப்பவை பாலை அறவே சேர்க்காது. மத விதி அது. எனவே வெண்ணெய், பாலாடைக்கட்டிக் கவலை அங்கே தீர்ந்தது. இறைச்சி, மீன், முட்டை, தேன், மாவு பற்றி மட்டும் கேட்டால் போதும். அங்குள்ள 'கார்ச்சோஃபி அல்லா ஜுதீயா' முழு ஆர்ட்டிசோக்கை மாவில் தோய்க்காமல் எண்ணெயில் இருமுறை பொரித்தது. இதழ்கள் பூப்போல விரிந்து மொறுமொறுவென்று இருக்கும். அதே எண்ணெயில் மாவில் தோய்த்த மீனும் பூசணிப் பூவும் பொரிகிறதா என்று கேளுங்கள். 'அல்லா ரொமானா' என்றால் பொரிக்காமல் வேகவைத்தது. அதன் நடுவில் சில இடங்களில் ரொட்டித்தூள் அடைப்பார்கள். பஸ்கா பண்டிகை நாள்களின் கோஷர் முத்திரையைக் குளூட்டன் இல்லாத முத்திரையாக எண்ணிவிடாதீர்கள். அப்போது உண்ணும் மாத்சா ரொட்டி கோதுமையில் செய்வது.

காலை உணவுதான் ரோமில் மிகக் கடினம். காபிக் கடைகளில் குரோசான் போன்ற கொர்னெத்தோ வீகனாகக் கிடைக்கும், அது கோதுமை. உறையிட்ட குளூட்டன் இல்லாத கொர்னெத்தோவும் கிடைக்கும், அதில் வெண்ணெயும் முட்டையும் இருக்கும். இரண்டும் சேர்ந்த ஒன்றைக் காலையில் அவசரத்தில் தேடி அலைய வேண்டாம். 'ஓர்சோ' என்று கேட்பவர்களுக்குத் தருவது வறுத்த பார்லியின் காபி. அதற்கும் நம் காபிக்கும் ஒரே கைப்பிடிச் சல்லடையைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கலாம் என்பதால், ஓட்ஸ் பாலைவிடச் சோயா பால் மேல். ஜின்செங் காபிப் பொடியில் பால் பொருள் கலந்திருப்பது சாதாரணம்.

ஆகவே சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுப்பது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடைகளில் குளூட்டன் இல்லாத உணவு விற்பது இத்தாலியில் வழக்கம். நோய் உறுதியான குடிமக்களுக்கு அரசு மாதந்தோறும் அதற்கென உதவி தருகிறது. கோனாத், கோப் போன்ற பல்பொருள் அங்காடிகளிலும், நத்துராசீ என்ற இயற்கை உணவுக் கடைகளிலும் தனி அடுக்கு உண்டு. மக்காச்சோள அல்லது அரிசி அப்பளம் போன்ற வட்டுகள், டின்னில் அடைத்த கொண்டைக்கடலை, தக்காளி, ஆலிவ், சிவப்புப் பருப்புப் பாஸ்தா வாங்கிக்கொண்டால் இரண்டு நாள் ஓடும். அறையில் இருக்கும் மரக்கரண்டியையும் வடிதட்டையும் தொடாதீர்கள்; பழைய பாஸ்தா துணுக்கு ஓட்டைகளில் ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, அட்டையில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி, சூட்டோடு சாப்பிடுங்கள். ஆறினால் உடைந்துவிடும்.

பியாத்சா வித்தோரியோ பக்கத்து இந்திய உணவகங்களைப் பார்த்ததும் மனம் இளகும். பருப்பும் சோறும்தானே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். தாளிப்பில் நெய் இருக்கலாம். பஜ்ஜிக்கும் சமோசாவுக்கும் ஒரே எண்ணெய்தான் இருக்கும். பெருங்காயப் பொட்டலத்தையே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். சீன உணவகத்தில் இதே வேலையைச் சோயா சாஸ் செய்கிறது. அதிலும் கோதுமை இருக்கும்.

ஐஸ்கிரீம் கடையில் பழச் சோர்பெத்தோ நல்ல தேர்வு. பால், முட்டை வெள்ளைக்கரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கூம்பு வேண்டாம், கிண்ணம் போதும் என்று சொல்லி, கழுவிய கரண்டியால் புதிய தொட்டியிலிருந்து எடுத்துத் தரக் கேளுங்கள். முன்னால் வந்தவருக்குப் பிஸ்கட் கலந்ததை எடுத்த கரண்டி, அலசும் தண்ணீரில் முங்கி எழுந்து நம் கிண்ணத்துக்கு வருவதுதான் பெரிய ஆபத்து.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சிறு உணவகங்களின் அடுப்பு மதியம் சுமார் பன்னிரண்டரை முதல் மூன்று வரை, பிறகு இரவு ஏழரைக்கு மேல்தான் எரியும். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் கிடைப்பது சாண்ட்விச்சும் பீட்சாத் துண்டும்தான். பையில் ஒரு பொட்டலம் இல்லாமல் வத்திகான் அருங்காட்சியக வரிசையில் நிற்காதீர்கள். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிப் பல குடும்ப உணவகங்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அந்த மாதத்தில் போகிறவர்கள் சீலியாக் சங்கத்தின் பட்டியலில் உள்ள கடைகளுக்கு முதல் நாளே தொலைபேசியில் பேசி, சீலியாக் என்று சொல்லி மேசையைப் பதிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்